மூன்று துடிப்புகளில் ஒன்று

ஏலக்காய் ஸ்டோரில் வேலை பார்க்கிறவளுக்கு ஏலக்காய் மணம் குமட்டினால் இரண்டே காரணம்தான் இருக்க முடியும். ஒன்று, வேலையில் வெறுப்பு. இன்னொன்றுக்காக நான் ஆறு வருடமாகக் காத்திருந்தேன். சாந்தன்பாறைக்கு மேலே எங்கள் எஸ்டேட்டில், காய் உலர்த்தும் அறை வாசலிலேயே வாந்தி எடுத்துவிட்டு, வெட்கமில்லாமல் சிரித்தேன்.

அதற்கு முன்பு ஒரு பிள்ளை ஐந்தாம் மாதத்தில் தங்காமல் போயிருந்தது. கருப்பை வாய்க்குப் பலம் போதாது (பிள்ளையின் கனம் தாங்காமல் முன்னதாகவே திறந்துகொள்வது) என்றார்கள். பிறகு கருமுட்டை வளர ஊசி போட்டுக்கொண்டேன். இந்த முறை, மலை இறங்கிப் போகிற மருத்துவமனையில், டாக்டரம்மா ஸ்கேன் திரையில் விரல் வைத்து எண்ணினார். மலையாளி, எங்களுக்காகத் தமிழ் பேசுவார்.

"துடிப்பு உண்டு. மூணு உண்டு," என்றார்.

வீட்டுக்கு வந்ததும் குட்டு உடைந்தது. என் கணவர் சூசை, புனித அந்தோணியாருக்கும், நான் வேளாங்கண்ணி மாதாவுக்கும், அவருடைய அக்கா அருளம்மா செபஸ்தியாருக்கும், பிள்ளை பிறந்தால் கோயிலில் தொட்டில் கட்டுவதாக நேர்ந்திருக்கிறோம். ஒருவர் நேர்ந்தது மற்றவருக்குத் தெரியாது. அருளம்மா எனக்கு மதினி, கூப்பிடுவது மைனி என்று. தாயில்லாத தம்பியை வளர்த்ததிலேயே வயது போய், கல்யாணம் வேண்டாம் என்று எங்களோடு இருந்துவிட்டவர்.

"ஒத்தப் பிள்ளைக்கு மூணு எடத்துல சொல்லி வச்சா இப்படித்தாம்ல ஆவும்," என்று தம்பியின் தலையில் தட்டினார். எந்தப் பிள்ளை யாருடையது என்று அன்று முழுக்கச் செல்லச் சண்டை போட்டோம்.

அடுத்த முறை டாக்டரம்மா கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். என் கருப்பை வாய் மூன்றைத் தாங்காது. மூன்றுமே போகலாம், அல்லது பிழைக்க முடியாத குறைமாதத்தில் பிறக்கலாம். கருக்குறைப்பு (ஒரு கருவின் துடிப்பை ஊசி மருந்தால் நிறுத்தி, மற்றவை வளர வழிவிடுவது) செய்தால் இரண்டு தங்க வாய்ப்பு அதிகம். அதிலும் ஆபத்து இல்லாமல் இல்லை.

"செய்யுங்கன்னு நான் பறயில்ல. தீருமானம் உங்களோடது. பட்சே ரொம்ப நாள் தள்ளக் கூடாது."

சூசை ஜீப் ஓட்டுகிறவர். காலையில் தோட்டத்துக்கு ஆள் ஏற்றும்போது, இடமில்லாத வண்டியில் இன்னும் நாலு பேரைத் திணிப்பதில் கெட்டிக்காரர். "நெருக்கி உக்காந்தா மூணும் வந்துராதா டாக்டரம்மா?" என்று கேட்டார். அவர் விளையாடவில்லை. நிஜமாகவே அப்படித்தான் நம்பினார்.

"வண்டி பாதி வழியில கவுந்தா?" என்று டாக்டரம்மா மெதுவாகக் கேட்டார்.

இதே முடிவை எடுக்க வேண்டி, டாக்டர் முன்னால் இதே நாற்காலியில் உட்கார்ந்து இதைப் படிக்கிற உங்களுக்கு நான் வழி சொல்ல வரவில்லை. எனக்கே தெரியாது. ஃபாதரிடம் கேட்கவில்லை, என்ன சொல்வார் என்று தெரியும். மூன்றும் நல்ல பிள்ளைகள். குறை என் உடம்பில்தான். இரண்டைக் காப்பாற்ற ஒன்று என்றால், எந்த ஒன்று? விளையாட்டாகப் பங்கு பிரித்தது இப்போது எங்களையே சுட்டது. சூசை சரி என்றால் என் பிள்ளையைத் தள்ளுகிறார் என்று எனக்குத் தோன்றும். நான் சரி என்றால் அவருக்கும் அப்படித்தான். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சாப்பிட்டோம்.

ஒரு காலையில் அரிசி களைந்துகொண்டே மதினி சொன்னார்: "ஏ புஷ்பம், எம் பிள்ளைய எடுத்துக்கிடுங்க."

எனக்குப் புரியவில்லை.

"செபஸ்தியார்ட்ட கேட்டு வாங்குனது நாந்தான? நானே அவர்ட்ட சொல்லிக்கிடுதேன். ஒங்க ரெண்டு பேருக்கும் இதுல பேச்சில்ல."

"பாவம் மைனி அது."

"பாவம்னா எந்தலையில இருக்கட்டும். நீ மத்ததுகளப் பாரு."

முதலில் கோபம்தான் வந்தது. பிறகு அவரைக் கட்டிக்கொண்டு அழுதேன். அந்த ஈரக் கையோடே என் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

மூன்றும் தனித்தனிப் பையில் இருந்ததால், எதைத் தொடுவது என்பதை ஊசி எட்டும் வசதிதான் தீர்மானித்தது. வயிற்றின் வழியாக நீளமான ஊசி. வலி அதிகமில்லை. நான் திரையைப் பார்க்கவில்லை. முடிந்ததும் டாக்டரம்மா கையுறையைக் கழற்றிவிட்டு என் மணிக்கட்டைச் சற்று நேரம் பிடித்திருந்தார்.

"எது?" என்று மதினி வெளியே காத்திருந்து கேட்டார்.

"மேல் பக்கம் இருந்தது."

"அதான் எம் பிள்ளை," என்றார் உடனே.

பிறகு கருப்பை வாயில் தையல், ஓய்வு. துடிப்பு நின்ற பிள்ளை வெளியே வருவதில்லை. சுருங்கி, மற்றவற்றோடு பிரசவம்வரை உள்ளேயே இருக்கும். டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார், என் காதில்தான் ஏறவில்லை. நான் மூன்றையுமே சுமந்தேன். கீழே இருந்தவை உதைக்கும்போது சந்தோஷமாக இருக்கும். சந்தோஷப்பட்டதற்காகக் கூச்சமாகவும் இருக்கும். அது தப்பில்லை என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. உங்களுக்கு நான் சொல்கிறேன், அது தப்பில்லை.

இரண்டும் கொஞ்சம் முன்னதாகப் பிறந்தன. பெண் ஒன்று, ஆண் ஒன்று. இப்போது நடக்கிறார்கள், மதினியின் கொண்டையை அவிழ்ப்பதுதான் முழுநேர வேலை. அவர்கள் வளர வளர உடுப்பு சின்னதாகிறது. மூன்றாவது என் நினைப்பில் அப்படியே இருக்கிறது, அன்று ஸ்கேனில் பார்த்த அளவிலேயே. எனக்குள் ஒரு பக்கம் காலம் ஓடுகிறது, ஒரு பக்கம் நிற்கிறது. இரண்டோடும் நான் சமைக்கிறேன், துவைக்கிறேன், சிரிக்கிறேன்.

போன வாரம் எங்கள் லயத்து வரிசை வீடுகளில், பக்கத்து வீட்டுக்குப் புதிதாக ஒரு பெண் குடிவந்தாள். இடுப்புக்கு ஒன்றாகப் பிள்ளைகளை வைத்திருந்த மதினியைப் பார்த்து, "ஒங்களுக்குப் பிள்ளைங்க இல்லையாக்கா?" என்று கேட்டாள்.

மதினி சின்னவன் மூக்கைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ஒண்ணு இருந்துச்சு. இவ வயித்துல."

அந்தப் பெண் குழம்பிப்போய் என்னைப் பார்த்தாள். என் கை தானாக மேல்வயிற்றுக்குப் போயிருந்தது. "ஆமா," என்றேன்.