நாயகம் அண்ணையின் காற்றழுத்த மணிக்கூடு

நாயகம் அண்ணை போய்விட்டார். இன்று விடிய, நித்திரையிலேயே...

மகள் போன் எடுத்துச் சொன்னாள். அதற்குப் பிறகு ஒரு வேலையும் ஓடவில்லை.

இங்கே பலருக்கு அவரைத் தெரியாது. யுத்த காலத்தில் திருக்கடலூர்ப் பக்கம் ஒரு ஐஸ் டிப்போ இருந்தது. கடலுக்குப் போகிற வள்ளங்களுக்கு அங்கேதான் ஐஸ் கொடுப்போம். அவர் மனேஜர், நான் கிளார்க்காக வந்த சின்னப் பெட்டை.

கப்பலில் வேலை செய்த அவருடைய மச்சான் சிங்கப்பூரில் இருந்து ஒரு மணிக்கூடு கொண்டுவந்து கொடுத்திருந்தார். கறுப்பு, பெரிசு, கைக்கு மேலே ஒரு சவர்க்காரக் கட்டி மாதிரி. நேரம் மட்டுமில்லை, காற்றழுத்தமும் காட்டும்.

காலையில் கதிரையில் இருக்கமுதல் கையைத் திருப்பிப் பார்த்து எல்லோருக்கும் கேட்கச் சொல்லுவார். "இண்டைக்கு ஆயிரத்துப் பத்து. உடுப்புத் தோய்க்கிற ஆக்கள் தோய்க்கலாம்."

கேட்காதவர்களுக்கும் விளக்கம் நடக்கும். விடியப்புறத்தில் இருந்து பத்து மணி மட்டும் அழுத்தம் ஏற வேண்டும். பின்னேரம் கொஞ்சம் இறங்கும், அது வழமை. காலையிலேயே இறங்கினால்தான் எங்கேயோ தாழமுக்கம் வருகிறது என்று அர்த்தம். எனக்கு இன்றைக்கும் பாடம்.

எப்போதும் சரி வந்ததென்று இல்லை. என் தங்கச்சியின் கலியாணத்துக்கு "மழைதான், படங்கு கட்டுங்கோ" என்றார். கட்டினோம். நெருப்பு வெயில். படங்குக்குக் கீழே மாப்பிள்ளை வீட்டார் அவிந்துபோனார்கள். அவர் சாப்பிட்டுவிட்டு வெளியே போய் வானத்தைக் கோபமாகப் பார்த்துக்கொண்டு நின்றார்...

பிறகு அந்த மாரிகாலம்.

கடலுக்குப் போக நேவி கொடுக்கிற பாஸை நிறுத்தி வைத்திருந்தார்கள். கன நாளைக்குப் பிறகு ஒரு காலையில் திறந்தார்கள். எல்லோருக்கும் முதல் ஐஸுக்கு வந்தது அல்போன்ஸ் அண்ணை. ஜெசிந்தா அக்காவின் புருஷன். நல்ல பகிடிக்காரன்.

நாயகம் அண்ணை ஐஸைக் கொடுக்கவில்லை. கையைக் காட்டினார். "அல்போன்ஸ், இண்டைக்கு விடு. ஏற வேண்டிய நேரத்தில இது இறங்குது."

"அண்ணை, நாளைக்கும் பாஸ் தருவாங்களோ ஆருக்குத் தெரியும்? கடலைப் பாருங்கோ, குளம் மாதிரிக் கிடக்கு."

"கடலைப் பாத்து ஏமாறாதை."

"உங்கட மணிக்கூடுதானே கலியாண வீட்டுக்கும் மழை எண்டது?"

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அவரும் கொஞ்சம் சிரித்தார். ஐஸை எடுக்கச் சொன்னார். ஆனால் வள்ளம் தள்ளும்வரை பின்னாலே போய்ச் சொல்லிக்கொண்டே நின்றார். ரெண்டு மூன்று வள்ளங்கள் அவருடைய கதையைக் கேட்டு நின்றன. அல்போன்ஸ் அண்ணை நிற்கவில்லை.

மத்தியானத்துக்குப் பிறகு காற்றுத் திரும்பியது. போனவர்கள் ஒவ்வொருவராகக் கரைக்கு ஓடிவந்தார்கள். ஒரு வள்ளம் மட்டும் வரவில்லை.

தேடிப் போகிறோம் என்று நாயகம் அண்ணை நேவி சென்ரியில் போய்க் கெஞ்சினார். நேரம் முடிந்துவிட்டது, இனி ஒருவரும் கடலில் இறங்க ஏலாது என்றார்கள்.

பொழுதுபடுகிற நேரம் கடல் பக்கம் சத்தம் கேட்டது. இடி என்று சிலர் சொன்னார்கள். வெடி என்று சிலர் சொன்னார்கள். இன்று மட்டும் ஒருவருக்கும் தெரியாது.

அடுத்த நாள் தேடினார்கள். ஒரு பலகைகூடக் கிடைக்கவில்லை.

அதற்கு அடுத்த நாள் ஜெசிந்தா அக்கா டிப்போ வாசலுக்கு வந்தா. தலை வாரி இழுக்கவில்லை. அழவுமில்லை. "அண்ணை, இப்ப எவ்வளவு?"

அவர் பார்த்தார். "ஆயிரத்து ஏழு. ஏறுது பிள்ளை."

"ஏறினா நல்லம்தானே?"

"ஓம். ஏறினா கடல் அடங்கும். ஆக்கள் வரலாம்."

தலையாட்டிவிட்டுப் போனா. மற்ற நாளும் வந்தா. பிறகு ஒவ்வொரு காலையும்... மாரி முடிந்து கடல் தெளிந்த பிறகும் வந்தா.

ஒருநாள் செக்பொயின்றில் நாயகம் அண்ணையை மறித்தார்கள். மணிக்கூட்டில் பட்டனை அமத்த அது கீச்சிட்டது, திசை காட்டியது. இது ஏன் உனக்கு, யார் தந்தது என்று கேள்வி. பின்னேரம் விட்டார்கள். மணிக்கூடு வரவில்லை.

"காலநிலை பாக்கிறது எண்டு சொன்னனான். ஒருத்தரும் நம்பேல்லை" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த நாள் காலை ஜெசிந்தா அக்கா வழமைபோல வந்தா. "அண்ணை, இப்ப எவ்வளவு?"

அவர் கையைத் திருப்பினார். வெறும் கை. மணிக்கூடு இருந்த இடம் வெளிறிப்போய்க் கிடந்தது. எப்போதும் பார்க்கிற மாதிரியே கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"ஆயிரத்துப் பதினொண்டு. ஏறுது பிள்ளை."

அவவும் அந்தக் கையைப் பார்த்தா. வடிவாக, உற்றுப் பார்த்தா. நான் கண்டேன்.

"சரி அண்ணை" என்றுவிட்டுப் போனா.

மற்ற நாளும் வந்தா.

நாங்கள் அதைப் பற்றி ஒருநாளும் கதைத்ததில்லை. டிப்போ மூடின பிறகு அவ அவருடைய வீட்டு வாசல் கேற்றுக்குப் போகத் தொடங்கினா. யுத்தம் முடிந்த பிறகும். அவருக்குக் கண் மங்கின பிறகும். கேட்கிறதும் அதேதான், சொல்லுகிறதும் அதேதான். ஒருநாளாவது இறங்குகிறது என்று அவர் சொன்னதில்லை.

காலையில் மகள் போன் எடுத்தது சாவைச் சொல்ல மட்டுமில்லை.

"அன்ரி, ஜெசிந்தா மாமி இப்பதான் வந்திட்டுப் போறா. எனக்குச் சொல்ல வாய் வரேல்லை. அப்பா நித்திரை எண்டு சொல்லி அனுப்பிப்போட்டன்... பிறகு வாறன் எண்டவ. என்னெண்டு சொல்லுறது அன்ரி?"

"போனை வை, நான் வாறன்" என்றேன்.

பஸ்ஸில் இருந்து இதை எழுதுகிறேன்.

நாயகம் அண்ணை... கண்ணை மூடிக்கொண்டு ஆறுதலாகப் படுங்கோ. கேற்றடியில் நான் நிற்கிறேன்.