அப்பிள்களோடு வைத்த கிழங்குகள்

என் மச்சாளுக்கு அறுபது வயது நிறைந்த வசந்தத்தில், அவருடைய வீட்டு முன்வளவுத் தோட்டத்தில் ஒரு ரியூலிப் கூடப் பூக்கவில்லை. அதைச் செய்தது நான்தான். இன்றுவரை அதற்காக நான் வருந்தவில்லை.

மச்சாள் என் கணவரின் அக்கா. நாங்கள் மெல்பேர்னுக்கு வந்த புதிதில் மூன்று வருடம் அவர் வீட்டுப் பின்பக்கத்து அறைகளில்தான் இருந்தோம். இடம் தந்தார், வேலை தேட உதவினார். அதையெல்லாம் நான் மறக்கவில்லை. மறக்கவிடவும் மாட்டார். யார் வந்தாலும் எங்களைக் காட்டி, "இவையை நான்தான் கூப்பிட்டு வைச்சிருக்கிறன்" என்பார்.

இரண்டாவது வருடம் அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து விசிட்டர் விசாவில் வந்தார். எழுபத்தொரு வயது. சும்மா இருக்கத் தெரியாத மனுசி. மச்சாளின் குசினியைப் பார்த்துப் பயந்தாலும் அதற்குள்தான் நிற்பார். ஏப்ரல் மாதத்தில் ஒரு நாள், நான் வேலையால் வருமுன் சம்பல் இடிப்பதற்காக, குசினி மேசையில் இருந்த பெட்டியைத் திறந்து இரண்டு வெங்காயத்தை உரித்து வெட்டியிருக்கிறார். கண்ணில் நீர் வரவில்லை, மணமும் இல்லை. சந்தேகப்பட்டு மச்சாளைக் கூப்பிட்டிருக்கிறார்.

"பிள்ளை, இது என்ன வெங்காயம்? காரமே இல்லையே."

அது மச்சாள் தபாலில் எடுப்பித்த ரியூலிப் கிழங்குகள். குளிர்காலத்துக்கு முன் மண்ணில் வைத்தால் செப்டெம்பரில், இங்கத்தைய வசந்தத்தில், பூக்கும். பார்ப்பதற்கு அசல் வெங்காயம்தான், அதே பழுப்புத் தோல். வெள்ளைக்காரரே ஏமாறுவார்கள் என்று பிறகு என்னோடு வேலை செய்த ஒருத்தி சொன்னாள். மச்சாள் அன்று விழுந்து விழுந்து சிரித்தார். அம்மாவும் சேர்ந்து சிரித்தாராம். அதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதப் போவதில்லை.

அந்தச் சனிக்கிழமையே விருந்தாளிகளுக்கு அந்தக் கதை சொல்லப்பட்டது. அம்மாவின் குரலில், அம்மா கிழங்கை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோன மாதிரியே கையை வைத்து. அம்மா பக்கத்து அறையில் கட்டிலில் இருந்தார். கதவு திறந்தே இருந்தது. நான் உள்ளே போனபோது சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு, "நல்லா நடிக்கிறா" என்றார்.

மறுவாரம் மச்சாள், "மாமி, உங்களுக்குத்தான் தோட்ட வேலை தெரியுமே" என்று மீதிக் கிழங்கு அவ்வளவையும் அம்மாவிடம் கொடுத்தார். அம்மா மூன்று நாள் முன்வளவில் முழங்கால் குத்தி இருந்து நட்டார். கூர் மேலே பார்க்க வேண்டும், கிழங்கின் உயரத்தைப்போல் மூன்று மடங்கு ஆழம் தோண்ட வேண்டும். நான் வேலையால் வரும்போது முழங்கால் இரண்டும் வீங்கியிருக்கும், தைலம் பூசிவிடுவேன். விசா முடிந்து மே மாதம் ஊருக்குப் போய்விட்டார். பூத்தபோது போனில் படம் அனுப்பினேன். "வடிவாயிருக்கு" என்றார்.

அடுத்த வருடமே அம்மா இறந்துவிட்டார். எனக்கு அப்போது பிள்ளைப்பேற்றுக்குக் கடைசி மாதம், விமானம் ஏற முடியாது. துக்கம் விசாரிக்க மச்சாள் வீட்டுக்குத்தான் சனம் வந்தது. நான் குசினியில் வயிற்றைத் தள்ளிக்கொண்டு தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நிற்கிறேன். வரவேற்பறையில் மச்சாளின் குரல் கேட்கிறது.

"பாவம், நல்ல மனுசி. ஆனால் ஒன்று சொல்ல வேணும், ஒருநாள் என்ரை ரியூலிப் கிழங்கை..."

முழுவதும் சொன்னார். குரல் மாற்றி. சனம் சிரிப்பை அடக்கியதும் எனக்குக் கேட்டது, அடக்க முடியாமல் ஒருவர் சிரித்ததும் கேட்டது. நான் கேத்தலை மேசையில் வைத்தேன். அன்று அந்தக் குசினியில் நின்றுதான் முடிவெடுத்தேன். எப்படி, எப்போது என்று தெரியாது. ஆனால் இவருக்கு ஏதோவொன்று செய்வேன் என்று மட்டும் தெரியும்.

பிறகு நாங்கள் வேறு வீடு வாங்கிப் போனோம். வருடங்கள் ஓடின. பிறந்தநாள், கோயில், கலியாணம் என்று போய் வந்துகொண்டுதான் இருந்தோம். அந்தக் கதையை இன்னும் மூன்று தடவை கேட்டேன்.

அறுபதாவது பிறந்தநாளை மச்சாள் முன்வளவில் பந்தல் போட்டுச் செய்யத் திட்டமிட்டார். சிவப்பும் வெள்ளையுமாக முன்னூறு ரியூலிப் நடுவே கதிரை போட்டு இருந்து படம் எடுக்க வேண்டும். மார்ச்சில் எனக்குப் போன் வந்தது.

"நடுறதுக்கு முதல் கிழங்கை ஆறு கிழமை குளிரிலை வைக்க வேணும். என்ரை பிரிட்ஜிலை இடமில்லை. உன்ரை கராஜிலை ஒரு பிரிட்ஜ் சும்மாதானே கிடக்கு?"

"ஓம் மச்சாள். கொண்டு வாங்கோ."

கொண்டுவந்து தந்தார். கடதாசிப் பைகள், கூடவே கிழங்கு அனுப்பிய பண்ணைக்காரர் வைத்த துண்டுப் பிரசுரம். மச்சாள் அதை வாசிக்கவில்லை. நான் வாசித்தேன். தடித்த எழுத்தில் ஒரு எச்சரிக்கை இருந்தது: பழங்களோடு வைக்க வேண்டாம், முக்கியமாக அப்பிள். அப்பிளிலிருந்து வரும் வாயு கிழங்குக்குள் இருக்கும் பூவைக் கொன்றுவிடும். இலை வரும், பூ வராது.

இரண்டு தரம் வாசித்தேன். பிறகு கடைக்குப் போய் ஒரு பெரிய பை அப்பிள் வாங்கி வந்து கிழங்குப் பைகளுக்கு நடுவில் வைத்தேன். கிழமைக்கொரு தரம் கராஜுக்குப் போய்ப் பழையதை எடுத்துப் புதியதை வைத்தேன். எடுத்ததைப் பிள்ளைகளுக்கு வெட்டிக் கொடுத்தேன். மே மாதம் கிழங்கைத் திருப்பிக் கொடுத்தபோது, "நல்ல பிள்ளை" என்று மச்சாள் என் கன்னத்தைத் தட்டினார்.

ஓகஸ்டில் இலைகள் வந்தன. பச்சைப் பசேலென்று, குறையே சொல்ல முடியாது. செப்டெம்பரில் வேலையால் வரும்போதெல்லாம் வேண்டுமென்றே அவர் தெருவால் சுற்றி வந்தேன். பக்கத்து வீடுகளில் டாஃபடில் மஞ்சளாகப் பூத்து முடிந்துகொண்டிருந்தது. மச்சாளின் வளவில் இலைகளுக்கு நடுவில் தீக்குச்சித் தலை அளவில் மொட்டுகள், காய்ந்த வெங்காயச் சருகுபோல். காரை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, நன்றாகப் பார்ப்பேன். அந்த மாதம் எனக்கு நல்ல நித்திரை.

பிறந்தநாளன்று சட்டியில் வளர்ந்த பூச்செடிகளை அவசரமாக வாங்கி இலைகளுக்கு நடுவில் செருகியிருந்தார்கள். மச்சாள் பட்டுச்சேலையில், பண்ணைக்காரரைத் திட்டிக்கொண்டு நின்றார். தோட்டத்தில் அனுபவமுள்ள ஒரு அன்ரி குனிந்து ஒரு மொட்டைக் கிள்ளிப் பார்த்தார்.

"இது பண்ணையின்ரை பிழை இல்லை. பழத்தோடை எங்கையும் வைச்சனீரோ?"

மச்சாள் என்னைப் பார்த்தார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"நான்தான் வைச்சனான். அப்பிளோடை."

"சரி, சரி, தெரியாமல் வைச்சிட்டாள்" என்று மச்சாள் சிரிக்கப் பார்த்தார்.

"இல்லை மச்சாள். தெரிஞ்சுதான் வைச்சனான்."

பந்தலுக்குள் பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. "என்ன பகிடி இது?" என்றார் மச்சாள்.

"என்ரை அம்மாவை வைச்சு நீங்கள் பகிடி விடேல்லையோ? எத்தினை வருசம்? அவ செத்த கிழமையும் சொன்னனீங்கள். நான் குசினிக்குள்ளை நிண்டனான்."

மச்சாளின் வாய் திறந்தது. அவருக்கு அந்த நாள் நினைவிருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. "உன்ரை அம்மாவை நான் வடிவாப் பார்க்கேல்லையோ? மூண்டு வருசம் உங்களை வைச்சுச் சாப்பாடு போடேல்லையோ?" என்றார். குரல் உடைந்துவிட்டது. அதுவும் உண்மைதான். ஆனால் நான் "ஓம்" என்று சொல்லவில்லை. அந்த இடத்தில் எதுவும் விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

கேக் வெட்டுமுன் புறப்பட்டுவிட்டோம். காரில் ஏறியதும் கணவர் ரேடியோவை நிறுத்தினார். பிறகு, "அண்டைக்கே அக்காட்டைச் சொல்லியிருக்கலாமே" என்றார்.

"சொல்லியிருந்தால் அதையும் ஒரு கதையாக்கியிருப்பா."

அவர் தலையை ஆட்டினார். தன் அக்காவை அவருக்குத் தெரியும்.

இப்போது கணவர் தனியாகத்தான் அக்கா வீட்டுக்குப் போய் வருகிறார். நான் தடுப்பதில்லை. போன வருடம் த பேசின் என்ற இடத்துப் பிள்ளையார் கோயிலில் மச்சாளைக் கண்டேன். வணக்கம் சொன்னேன், முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவரோடு வந்த ஒருத்தி என்னிடம் ஒதுங்கி வந்து, "அவ இப்ப அந்த வெங்காயக் கதை சொல்லுறதே இல்லை, தெரியுமோ?" என்றாள். தெரியாது என்றேன். அன்னதானத்துக்கு வரிசையில் நின்று, இரண்டாம் தரமும் சோறு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.