ரசத்தில் ஊறிய சோள சிப்ஸ்

என் வீட்டுக்காரருக்கு இதயம் பலவீனமாகிவிட்டது, உப்பு சேர்ந்தால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் என்று டாக்டர் சொன்ன அன்றே அப்பளம், ஊறுகாய், கருவாடு எல்லாவற்றையும் வீட்டைவிட்டுத் துரத்தினேன். சோள சிப்ஸையும்தான். மயிலாப்பூர் குளத்துப் பக்கம் கடையில் சுடச்சுடப் பொரித்து, மிளகாய்த்தூளும் உப்பும் தூவித் தருவார்களே, அது. எங்கள் வீட்டில் அது வெறும் நொறுக்குத்தீனி இல்லை. நொறுக்கி முட்டைப் பொரியலில் போடுவேன், தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கொள்ள வைப்பேன்.

உப்பு ஒரு சிட்டிகை குறைந்தாலும் தட்டைத் தள்ளிவிடுகிற மனிதர், உப்பே இல்லாத ரசத்தைப் பேசாமல் தம்ளரில் ஊற்றிக்கொண்டு பால்கனிக்குப் போய்விடுவார். திருந்திவிட்டார் என்று அக்கம்பக்கமெல்லாம் பெருமையடித்தேன். ஆனால் கால் வீக்கம் வடியவில்லை. செருப்பு நுழையவில்லை. படுக்கத் தலையணை ஒன்று போதாமல் இரண்டு வேண்டியிருந்தது. டாக்டர் என்னைத்தான் ஒரு மாதிரி பார்த்தார்.

"சமையல்ல உப்பு போடுறீங்களாம்மா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுக்கு வந்து டப்பா, பீரோ, சட்டைப் பை எல்லாம் சோதனை போட்டேன். ஒன்றும் சிக்கவில்லை. அப்புறம் காதைத் தீட்டிக்கொண்டு திரிந்தேன். மொறுமொறுவென்று இருப்பதைச் சத்தமில்லாமல் யாரால் தின்ன முடியும்? வீடு அமைதியாகவே இருந்தது. அந்த அமைதி எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

ஒரு நாள் மதியம் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. பால்கனிக் கதவைச் சாத்தப் போனேன். முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். கையில் ரசத் தம்ளர், அதில் ஸ்பூன். சோள சிப்ஸ் ஊறிக் கூழாகிக் கிடந்தது. கடிக்க வேண்டிய வேலையே இல்லை. நான் தேடாமல் விட்ட பூந்தொட்டிக்குப் பின்னால் பொட்டலம் செருகியிருந்தது. டாக்டர் நடக்கச் சொன்ன சாயங்கால நடை அந்தக் கடை வரைக்கும்தான் போயிருக்கிறது.

"இன்னா இது?"

"ரசம்தான். உப்பில்லாம எறங்க மாட்டேங்குது."

"எத்தினி நாளா நடக்குது?"

"நீ நிறுத்துனதுலேர்ந்து."

முதலில் வந்தது பயமில்லை, கோபம். உயிர் போகிற விஷயத்தில் என்னை ஒரு வார்த்தை கேட்காமல் அவரே முடிவெடுத்திருக்கிறார். தம்ளரைப் பிடுங்கித் தொட்டிச்செடியில் கொட்டினேன். வாய்க்கு வந்தபடி திட்டினேன். ஒன்று சொன்னால் ஒன்பது திருப்பிச் சொல்பவர், அன்று பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்தார். அப்புறம் மெல்லச் சொன்னார்.

"கத்தாத. மூச்சு முட்டுது. காத்தே இல்ல பாரு."

கடல் பக்கமிருந்து வந்த மழைக்காற்று என் முந்தானையைப் பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி அடித்துக்கொண்டிருந்தது.