கியர்பாக்ஸுக்குள் ஒரு பஞ்சாமிர்தம்

எனக்குப் பஞ்சாமிர்தம் ஆகாது. பழனிக்குப் போய்வந்த யாராவது டப்பாவை நீட்டினால் கண்ணில் ஒற்றி வாங்கிக்கொள்வேன். அவர்கள் தெருமுனை திரும்பியதும் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடுவேன். முருகன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஒரு கியர்பாக்ஸைத் திறந்து பார்த்த நாளிலிருந்து அந்தக் குழைவை என்னால் வாயில் வைக்க முடிவதில்லை.

தொண்ணூறுகளின் கடைசி அது. வீடு திண்டுக்கல்லில், வேலை கன்னிவாடியில். அங்கே பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். காலையும் மாலையும் பஸ். அந்த பஸ்ஸைப் பற்றி நாகரிகமாகச் சொல்ல எனக்கு வராது. அய்யலூர்ச் சந்தைக்கு ஏற்றிப்போகிற ஆடுகளுக்குக்கூட மூச்சுவிட இடம் இருக்கும். நெரிசலைச் சாக்கிட்டு இடுப்பில் ஊரும் கை, பின்கழுத்தில் விழும் வெற்றிலை மூச்சு, பிரேக் போடும்போதெல்லாம் வேண்டுமென்றே வந்து சாயும் உடம்பு. திரும்பி முறைத்தால் அத்தனை ஆம்பளைகளும் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். என்னமோ மலையை அன்றைக்குத்தான் கொண்டுவந்து வைத்த மாதிரி. வீட்டுக்கு வந்து தலையோடு குளித்தாலும் அருவருப்பு போகாது. எனக்கென்று ஒரு கார் வேண்டும், அதை நானே ஓட்டிப் போக வேண்டும். வேறு எந்த ஆசையும் அப்போது எனக்கு இருக்கவில்லை.

கணவர் குறுக்கே நிற்பார் என்று பயந்தேன். நிற்கவில்லை. "அண்ணன்கிட்ட சொல்றேன், பழைய வண்டி ஒண்ணு பாத்துத் தருவாரு" என்றார். அவருடைய அண்ணன், என் மச்சாண்டார், பழைய கார்களை வாங்கி விற்கிற புரோக்கர். சொன்னபடியே ஒரு வெள்ளைக் காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். கூடவே ஒரு சீப்பு சிறுமலை வாழைப்பழம். ஒரு பழத்தை டாஷ்போர்டில் வைத்து அதில் ஊதுபத்தியைச் செருகி, சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சை வைத்துப் பூசை போட்டார். "சத்தமே இல்லாத வண்டி. வெண்ணெ மாதிரி போகும். நீதான் பாத்து ஓட்டணும்" என்று சாவியை என் கையில் கொடுத்தார். மனுசன் நல்லவர்தான் என்று நினைத்தேன். அந்தப் புத்தியை எங்கே கொண்டுபோய் முட்டிக்கொள்வது!

டிரைவிங் ஸ்கூல்காரர் ஆறேழு நாள் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். "ஏன் முதல் கியரில்தான் கிளம்ப வேண்டும்?" என்று கேட்டேன். "அது அப்படித்தான்" என்றார். எனக்கு அந்தப் பதில் போதவில்லை. பாடப்புத்தகத்தில் பல்சக்கரம் நடத்துகிறவள் நான். யோசித்து நானே ஒரு வழியாகப் பிடித்துக்கொண்டேன். படுத்திருக்கிற மாட்டை எழுப்பத்தான் நாலு பேர் வேண்டும், எழுந்துவிட்டால் அது தானாக நடக்கும். காரும் அப்படித்தான். முதல் கியரில் சின்னப் பல்சக்கரம் பெரிய பல்சக்கரத்தைச் சுழற்றுகிறது. இன்ஜின் பல தடவை சுற்றினால் டயர் கொஞ்சம்தான் உருளும், ஆனால் பலம் அதிகம். வண்டி வேகம் பிடித்தபின் பலம் அவ்வளவு தேவைப்படாது. அதனால் மேல் கியர்.

கிளட்சுக்கு என் சமையலறையிலேயே பாடம் இருந்தது. கிரைண்டரில் மாவு ஓடுகிறபோது சுற்றும் பாத்திரத்தின் மேல் உள்ளங்கையை லேசாக வைத்தால் வழுக்கிச் சூடாகும். அழுத்திப் பிடித்தால் கையையும் இழுத்துக்கொண்டு போகும். கிளட்ச் பெடலை மிதிக்கும்போது இன்ஜின் பக்கத்துத் தட்டிலிருந்து கியர்பாக்ஸ் பக்கத்துத் தட்டு விலகுகிறது, விடும்போது ஒட்டுகிறது. பாதியிலேயே காலை வைத்திருந்தால் வழுக்கித் தேய்கிறது. இது புரிந்தபின் எனக்குப் பயம் போனது. பழனி ரோட்டில் போய்க் கன்னிவாடிக்குத் திரும்புகிற வரைக்கும் சீட்டி அடிக்காத குறையாக ஓட்டினேன்.

சில மாதம்தான். பிறகு வண்டி அடியில் ஒரு முனகல் தொடங்கியது. கியர் மாற்றும்போது கரகரவென்று பல்லைக் கடித்தது. தை மாதம் பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் ரோட்டோரம் நிறைந்திருந்த ஒரு காலையில் இரண்டாவது கியர் தானாகவே நழுவி வெளியே வந்தது. வண்டி காவடிக்காரர்கள் பக்கமாக உருண்டது. பிரேக்கை மிதித்து நிறுத்தினேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டியது.

அன்று சாயந்தரம் வீட்டில் பஞ்சாயத்து. மச்சாண்டார் சோபாவில் சாய்ந்து, பல்லைக் குத்திக்கொண்டே பேசினார். குத்தி எடுத்ததை விரல் நுனியில் வைத்துப் பார்த்தார்.

"நான் குடுக்கறப்ப எம்புட்டு அமைதியா இருந்துச்சு! இந்தா பாரும்மா, ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம். பொம்பளைக்குக் கிளட்ச் புடிபடாது. வித்துருவோம், நீ பஸ்ல போ."

கணவர் தரையைப் பார்த்தபடி, "அவளுக்கு இன்னும் கால் பழகல" என்றார். முனகல் தொடங்கிய நாளிலிருந்து அவர் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஆனால் யோசித்துப் பார்த்தேன். நான் பாதிக் கிளட்சில் ஓட்டியிருந்தால் தட்டு தேய்ந்து வண்டி இழுக்காமல் போயிருக்கும், கருகல் நாற்றம் வந்திருக்கும். இங்கே இழுவையில் குறை இல்லை. சத்தம் பல்சக்கரத்தில் இருந்து வருகிறது.

"பிரிச்சுப் பாப்போம். தப்பு என் மேலன்னா நானே சாவியத் தந்துர்றேன்" என்றேன். மச்சாண்டார் குத்துவதை நிறுத்தினார். "பிரிக்கிறதுக்கு என்ன இருக்கு, வெட்டி வேல" என்றார். அவருக்கு அத்தனை வேகமாகப் பதில் வந்ததே எனக்குப் போதுமாக இருந்தது.

சனிக்கிழமை பத்தலக்குண்டு ரோட்டில் ஒரு ஷெட்டுக்குக் கொண்டுபோனோம். கணவரும் ஸ்கூட்டரில் பின்னால் வந்தார். மெக்கானிக் வண்டிக்கு அடியில் படுத்து, கியர் ஆயில் வடிகிற போல்ட்டைக் கழற்றினார். ஆயில் வடியவில்லை. ஸ்குரூடிரைவரை விட்டுக் குடைந்தார். கறுத்த கட்டியாக ஒன்று தொப்பென்று தட்டில் விழுந்தது. அதைத் தொடர்ந்து கூழாக, நார் நாராக, திப்பித் திப்பியாக இறங்கியது. புளித்த பழமும் கருகிய எண்ணெயும் கலந்த நாற்றம். அப்படியே பஞ்சாமிர்தம். நான் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன், ஆனாலும் நகரவில்லை.

மெக்கானிக் விரலால் ஒரு நாரை எடுத்துக் காட்டினார். "டீச்சர், வாழப்பழம். இரைச்சல் கேக்காம இருக்க, விக்கிறப்ப பிசைஞ்சு உள்ள தள்ளிருக்காய்ங்க. கொஞ்ச நாளைக்குச் சத்தம் அமுங்கும். அப்புறம் ஆயிலு போற வழியெல்லாம் அடைச்சு, பல்லு பூரா போயிரும்."

"வாழப்பழமா?" என்றார் என் கணவர். உண்மையிலேயே அதிர்ந்து போயிருந்தார். "மரத்தூள் மட்டுந்தானே போட்டேன்னு அண்ணன் சொன்னாரு."

சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவருக்குத் தெரிந்தது. மெக்கானிக் மறுபடி வண்டிக்கு அடியில் போய்விட்டார்.

"எப்பச் சொன்னாரு?" என்று கேட்டேன்.

"வாங்கறப்பவே. ஒரு வருசம் தாங்கும்னாரு." கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். "அதுக்குள்ள உனக்கே ஓட்டற ஆசை விட்டுப்போயிரும்னு நெனச்சேன். இத வீட்ல பேசாத, அண்ணன் சங்கடப்படுவாரு."

அவருடைய அண்ணன் சங்கடப்படுவார்! கால் பழகவில்லை, கால் பழகவில்லை என்று அத்தனை நாளும் எல்லார் முன்னாலும் என்னைச் சொன்ன வாய்தான் இது. நானும் ராத்திரிகளில் கட்டில் காலில் பாதத்தை அழுத்திக் கிளட்ச் பழகினேனே, அதையும் பக்கத்தில் படுத்துப் பார்த்துக்கொண்டுதானே இருந்தார். சீ என்று வந்தது.

"அண்ணே, எந்தச் சக்கரம் போயிருக்கோ எல்லாத்தையும் மாத்திருங்க. நானே வந்து எடுத்துக்கறேன்" என்று மெக்கானிக்கிடம் சொன்னேன். சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

வெளியே கணவர் ஸ்கூட்டரைக் கிளப்பிவிட்டு, நான் ஏறுவதற்காகக் காத்திருந்தார். அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார வேண்டும். நான் ரோட்டைத் தாண்டிப் போய், வந்த பஸ்ஸில் ஏறினேன். வழக்கமான கூட்டம்தான், வழக்கம்போல ஒருவன் மேலே வந்து சாய்ந்தான். "தள்ளி நில்லுடா நாயே" என்று பஸ்ஸே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். அத்தனை வருசத்தில் அன்றைக்குத்தான் வாய் வந்தது. அவன் யாரோ எவனோ, அவனிடம் கத்திவிட முடிந்தது.