கம்ப்யூட்டரம்மாவும் ஒற்றைத் தொலைபேசியும்

தொலைபேசி ரிசீவரை, கணினியோடு அதை இணைக்கும் மோடத்தின் இரண்டு ரப்பர் கிண்ணங்களில் கவிழ்த்து அழுத்தியதும், உதட்டில் விரல் வைத்து எங்களை ஒரு சுற்று முறைப்பார் கம்ப்யூட்டரம்மா. அதன் பிறகு அறையில் யாரும் தும்மக்கூடாது. "தும்மினா ஒரு வரி போச்சு, இருமினா பக்கமே போச்சு" என்பார். வெளிச்சத்தம் புகுந்தால் கோப்பு கெட்டுவிடும் என்பது உண்மைதான். ஆனால் திரைக்கு முன்னால் நின்றபடி, ஒவ்வொரு வரி இறங்கும்போதும் "வா, வா, வந்துடு" என்று கிசுகிசுப்பவர் அவரேதான்.

எங்களுடையது துறைமுக வானிலை அலுவலகம். காற்றையும் அலையையும் கணக்கிடும் பெரிய கணினி தலைமை அலுவலகத்தில், வேறு ஊரில் இருக்கிறது. அதன் கணக்கைத் தொலைபேசி வழியாக எங்கள் மேசையில் உள்ள சிறிய கணினிக்கு இறக்குவது அவர் வேலை. வந்ததை ரேடியோவில் படகுகளுக்கு வாசிப்பது என் வேலை. இரண்டு கணினிகளும் ஒரே எழுத்துக்கு வெவ்வேறு குறியீடு வைத்திருக்கின்றன. அங்கேயே மாற்றி அனுப்பாவிட்டால் இங்கே கோழி கிளறிய குப்பைதான் தெரியும்.

அனுப்புகிறவர் அவருடைய கணவர். ஆளுக்கொரு ஊர், இருவருக்கும் சேர்த்து ஒரே லைன். கோப்பு வரும்போது பேச முடியாது. பேசினால் கோப்பு வராது. "ஏங்க, அடுப்பை அணைச்சீங்களா? சரி, ஃபைலை விடுங்க" என்று ஒரே மூச்சில் குடும்பமும் நடக்கும், உத்தியோகமும் நடக்கும்.

போன மாதம் ஒரு பிற்பகல் கடல் கறுத்தது. படகுகள் எல்லாம் வெளியே இருந்தன. புயல் எந்தப் பக்கம் திரும்பும் என்பது அந்தப் பெரிய கணினிக்குத்தான் தெரியும். கோப்பு வந்தது. திறந்தால் ஒரே கிறுக்கல்.

ரிசீவரைப் பிடுங்கி எண்ணைச் சுழற்றினார். "என்னத்தங்க அனுப்புனீங்க? ஒண்ணும் புரியல."

"அவசரத்துல மாத்தாம விட்டுட்டேன்மா. இரு, மறுபடியும்..." அதோடு லைன் செத்தது. காற்று எங்கோ கம்பியை அறுத்துவிட்டது.

"போச்சு" என்றேன்.

"என்ன போச்சு? ஃபைல் முழுசா வந்திருக்கு. அது பேசற பாஷைதான் நமக்குப் புரியல." எப்போதும் நின்றபடியே வேலை பார்க்கிறவர், கணினிக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்து அன்றுதான் பார்த்தேன்.

பொழுதுபோக்காக அவர் முன்பு எழுதிவைத்த குறியீட்டை மாற்றும் ஒரு சின்ன நிரல் இருந்தது. அதற்கு எண்களை மட்டும்தான் மாற்றத் தெரியும். ஆங்கில எழுத்துகளையும் வரிசையாகச் சேர்த்து ஓட்டினார். எண்கள் பளிச்சென்று விழுந்தன. திசைகளைக் குறிக்கும் ஆங்கில எழுத்துகளில் கிழக்கின் 'ஈ' மட்டும் சரி. வடக்கின் 'என்', தெற்கின் 'எஸ்', மேற்கின் 'டபிள்யூ' மூன்றும் உளறல்.

கையேட்டைப் புரட்டியவர் மேசையைத் தட்டினார். "அட, 'ஐ' எழுத்துக்கு அப்புறம் குறியீட்டு நம்பர் குதிக்குதுப்பா! ஜே தள்ளிப்போய் உக்காந்திருக்கு. அதுக்குப் பின்னாடி வர்ற எல்லாமே தப்பா விழுது." விரல்கள் பறந்தன.

மறுபடி ஓட்டினார். திரையில் வரி வரியாகத் திசைகள் திருந்தி நின்றன. புயல் வடக்கே திரும்புகிறது. படகுகள் வழக்கமாகத் திரும்பும் வழியும் வடக்குதான்.

"வாசிங்க, வாசிங்க" என்று என்னை மைக்கின் பக்கம் தள்ளினார்.

"வடக்கே போகாதீங்க. தெற்கே சுத்தி வாங்க." திரும்பத் திரும்பச் சொன்னேன். இரைச்சலுக்கு நடுவே ஒவ்வொரு படகாகப் பதில் சொன்னது. அவர் என் தோளுக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு குரலுக்கும் தலையாட்டினார்.

இருட்டுவதற்குள் கடைசிப் படகும் துறைமுக வாயைத் தாண்டி உள்ளே வந்தது. எல்லாப் படகுகளும் சேர்ந்து விடாமல் ஹாரன் அடித்தன. அந்த நேரம் பார்த்து லைன் உயிர்பெற்று மணி அடித்தது.

"என்னம்மா ஆச்சு? படகெல்லாம்?" கணவரின் பதறிய குரல் எனக்கே கேட்டது.

கம்ப்யூட்டரம்மா சுருள் வயரை இழுத்துக்கொண்டே போய் ஜன்னலைத் திறந்து, கொட்டும் மழையில் ரிசீவரைக் கடலை நோக்கி நீட்டிப் பிடித்தார்.