பெர்சிஸ் அக்கா பெயரில் விழுந்த தப்புகள்

போன ஆடி மாதம் பேராசிரியை சண்முகப்பிரியா தென்காசியில் என் வீட்டுக்கு வந்தாள். குற்றாலம் போகும் வழியில் உள்ள ஒரு கல்லூரியில் கணிப்பொறி சொல்லிக்கொடுக்கிறவள். மாணவிகள் 'கணிப்பொறி வந்த கதை' என்று ஒரு கண்காட்சி வைக்கிறார்களாம், நான் திறந்துவைத்து அரை மணி நேரம் பேச வேண்டுமாம். சென்னையில் ஒரு பெரிய அலுவலகத்தின் கணிப்பொறிப் பிரிவுக்குத் தலைமை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். கோமதியம்மாள் என்றால் இந்தப் பக்கத்துக் கல்லூரிகளில் கொஞ்சம் பேருக்குத் தெரியும்.

மாணவிகள் எழுதிய சார்ட்டுகளைத் தன் போனில் காட்டினாள். மணிச்சட்டத்தில் ஆரம்பித்திருந்தார்கள். இங்கிலாந்தில் பாபேஜ் என்பவர் பல்சக்கரங்களை வைத்துச் செய்யத் தொடங்கி முடிக்காமலே போன இயந்திரம், அமெரிக்காவில் ஒரு கூடத்தையே அடைத்துக்கொண்டு நின்ற வால்வு இயந்திரம், கல்கத்தாவுக்குக் கப்பலில் வந்து இறங்கிய முதல் இயந்திரம், பம்பாயில் நம் ஆட்களே செய்த இயந்திரம் என்று வரிசையாக இருந்தன. கையெழுத்துகூட நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சல் வந்தது. இத்தனை இயந்திரத்துக்கும் தீனி போட்டது யார் என்று ஒரு வரி இல்லையே!

"இதெல்லாம் தானாகவா தின்றது?" என்று கேட்டேன். பிறகு நான்தான் அவளை உட்காரவைத்து விளக்கினேன். எங்கள் காலத்து இயந்திரத்துக்கு முன்னால் யாரும் உட்கார்ந்து தட்டச்சு செய்ய முடியாது. கெட்டி அட்டையில் செய்த கார்டு ஒன்று உண்டு, அதில் எண்பது கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எண்ணுக்கோ எழுத்துக்கோ துளை போட வேண்டும். இயந்திரம் அந்தத் துளைகளைத்தான் படிக்கும். அமெரிக்காவில் 1890-ல் ஜனத்தொகையை எண்ணுவதற்கே இப்படிக் கார்டில் துளை போட்டிருக்கிறார்கள். நம் நாட்டில் அந்தத் துளையைப் போட ஆயிரக்கணக்கில் பெண்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருத்தி இலஞ்சியில் இருக்கிறாள், பெயர் பெர்சிஸ், அவளையும் கூப்பிட்டால்தான் நான் வருவேன் என்று சொல்லிவிட்டேன்.

சொல்லிவிட்டேனே தவிர, சண்முகப்பிரியா படியிறங்கிப் போனதும்தான் பயம் வந்தது. பெர்சிஸ் அக்காவை எதிரில் வைத்துக்கொண்டு பழைய கதையைப் பேசினால், ஐம்பது வருடமாக நான் வெளியே சொல்லாத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் நைசாகத் தாண்டிப் போனால் அதைவிட அசிங்கம் வேறில்லை.

நடந்தது இதுதான். 1973-ல் எனக்கு இருபது வயது. கீழப்பாவூரிலிருந்து சென்னைக்கு, கார்டு அடிக்கும் வேலைக்குப் போனேன். ஆறு மாதம் பார்ப்பார்கள், கை சரியில்லை என்றால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வீட்டிலோ என் தாய்மாமனுக்கு என்னைப் பேசி முடித்துவிட்டு, வேலை நிலைத்தால் பார்க்கலாம், இல்லையென்றால் தை மாதம் கல்யாணம் என்று அப்பா சொல்லியிருந்தார். மாமா நல்ல மனிதர்தான், குறை சொல்ல மாட்டேன். எனக்குத்தான் அந்த வாழ்க்கை வேண்டாம் என்றிருந்தது.

கார்டு அடிக்கும் கூடத்தில் முப்பது இயந்திரங்கள். பெர்சிஸ் அக்காவுக்கு அப்போது இருபத்து நான்கு வயது, சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. முதுகு நேராக, பக்கத்தில் இடி விழுந்தாலும் திரும்பாமல் அடிப்பாள். பரீட்சை எழுதிய பிள்ளைகளின் பதிவு எண்களையும் மதிப்பெண்களையும் தாளைப் பார்த்து அவள் கார்டில் துளை போட வேண்டும். அந்தக் கார்டுகள் என்னிடம் வரும். நான் இன்னொரு இயந்திரத்தில் அவற்றைச் செருகி, அதே தாளைப் பார்த்து மறுபடி அடிக்க வேண்டும். நான் அடிப்பதும் துளையும் ஒத்துப்போனால் கார்டின் ஓரத்தில் ஒரு சின்ன வெட்டு விழும், கார்டு தேறிவிட்டது என்று அர்த்தம். ஒத்துப்போகாவிட்டால் சிவப்பு விளக்கு எரியும். மூன்று தடவை அடித்தும் ஒத்துப்போகாவிட்டால் அந்தக் கட்டத்துக்கு மேலே வெட்டு விழுந்து கார்டு திரும்பிப் போகும். அந்தத் தப்பு முதலில் அடித்தவள் பெயரில்தான் ஏறும். சரிபார்க்கிறவள் தப்பு செய்வாள் என்று அந்த அலுவலகத்தில் யாருக்குமே தோன்றவில்லை.

நான் தென்காசி டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் படித்தவள், ஹையர் பரீட்சையில் முதல் வகுப்பு. அந்தத் தலைக்கனம் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் அந்த இன்ஸ்டிட்யூட்டில் இருந்த பழைய மிஷின்களில் ஒன்று என்ற எண்ணுக்குத் தனி விசை கிடையாது. சின்ன 'எல்' எழுத்தைத்தான் ஒன்றாக அடிப்போம். அங்கே படித்த எல்லோருக்கும் அது விரலில் ஊறிய பழக்கம். கார்டு இயந்திரத்தில் ஒன்றுக்குத் தனி விசை உண்டு. பயிற்சியின்போது பார்த்துப் பார்த்து அடித்ததால் ஒன்றும் தெரியவில்லை. வேகம் வந்த பிறகு விரல் தன்பாட்டுக்கு 'எல்'லுக்குப் போய்விட்டது. சிவப்பு விளக்கு எரியும், நான் பல்லைக் கடித்துக்கொண்டு அதே விசையை இன்னும் இரண்டு குத்து குத்துவேன். முதல் வகுப்பில் தேறியவளுக்கு இந்த விளக்கா சொல்லிக்கொடுப்பது! இப்படி நான்கு நாளில் நாற்பத்தேழு நல்ல கார்டுகளை 'தப்பு' என்று திருப்பி அனுப்பினேன்.

பெர்சிஸ் அக்கா கார்டை ஜன்னல் பக்கம் பிடித்துத் துளைகளைப் பார்த்தே எண்ணைப் படித்துவிடுவாள். திரும்பிவந்த கார்டுகளைப் பார்த்தாள். தான் அடித்தது எல்லாம் சரியாக இருந்தது, வெட்டு விழுந்த இடமெல்லாம் ஒன்று என்ற எண். அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. டீ குடிக்கப் போனபோது என்னைத் தனியே கூப்பிட்டாள்.

"ஏட்டி கோமதி, நீ ஒண்ணுக்கு எல் அடிக்கே. நானும் வந்த புதுசுல அப்படித்தான் அடிச்சேன். இனிமே பாத்து அடி" என்றாள்.

அந்த நாற்பத்தேழு என்ன ஆகும் என்று கேட்டேன்.

"அது எம்பேர்லயே கெடக்கட்டும். உம்பேர்ல வந்தா உன்ன வீட்டுக்கு அனுப்பிருவாவ."

சனிக்கிழமை தப்புக் கணக்குப் பட்டியலைப் பலகையில் ஒட்டினார்கள். எல்லோருக்கும் மேலே பெர்சிஸ், நாற்பத்தேழு. மேற்பார்வை அம்மாள் அத்தனை பேர் முன்னாலும் அவளை நிற்கவைத்து, என்ன இது என்று கேட்டார். கை தப்பிவிட்டது என்று அக்கா மெதுவாகச் சொன்னாள். நான் இரண்டு இருக்கை தள்ளித்தான் இருந்தேன். என் வாயில் என்ன, கொழுக்கட்டையா வைத்திருந்தேன்? பயந்துகொண்டு பேசாமல் இருந்துவிட்டேன்.

அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. அடுத்த வாரம் கணிப்பொறி அறையில் பயிற்சிக்கு எங்கள் கூடத்திலிருந்து ஒருவரை எடுத்தார்கள். பெர்சிஸ் அக்காவின் முறைதான் அது. அந்தப் பட்டியலைக் காட்டி அவளை விட்டுவிட்டு வேறொருத்தியை எடுத்துக்கொண்டார்கள். அன்றைக்காவது போய்ச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அடுத்த தடவை ஆள் எடுத்தபோது அக்காவுக்கு வயது வரம்பு தாண்டிவிட்டது. அந்த இடம் எனக்குக் கிடைத்தது. குளுகுளு அறை, சுற்றும் காந்த நாடாக்கள், நான் எழுதிய புரோகிராமைப் படித்து இயந்திரம் பக்கம் பக்கமாக அச்சடித்துத் தள்ளும் சத்தம்! எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்பதையும் மறைக்கக் கூடாது. அப்படியே ஏறி ஏறித் தலைமை அதிகாரியானேன். மாமாவுக்கு வேறு இடத்தில் நல்லபடியாகக் கல்யாணம் ஆனது.

பெர்சிஸ் அக்கா கார்டுகள் ஒழியும்வரை துளை போட்டாள். பிறகு திரை வைத்த இயந்திரத்தில் உட்கார்ந்து எண்களை அடித்தாள். தொண்ணூற்று நான்கில் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தவள், தம்பி பிரின்சின் தென்னந்தோப்பைப் பார்த்துக்கொண்டு இலஞ்சியிலேயே இருந்துவிட்டாள். நான் ஓய்வு பெற்றுத் தென்காசிக்கு வந்ததிலிருந்து மாதம் இரண்டு முறையாவது பார்த்துக்கொள்கிறோம். கிறிஸ்துமஸுக்கு அவள் வீட்டுக் கேக் வரும், தீபாவளிக்கு என் வீட்டு முறுக்கு போகும். அந்த நாற்பத்தேழைப் பற்றி மட்டும் அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசிவிடுவாளோ என்ற பயம் எனக்குப் போனதும் இல்லை.

கண்காட்சி நாளன்று நல்ல சாரல். அருவிக்குப் போகிற வண்டிகள் ரோட்டை அடைத்துக்கொண்டதால் ஆட்டோ ஊர்ந்துதான் போனது. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து சாவகாசமாகக் கடலை கொறித்துக்கொண்டு வந்தாள்.

எழுதிக்கொண்டு போன இரண்டு பக்கத்தை மேடையில் நான் பிரிக்கவே இல்லை. கார்டு, சிவப்பு விளக்கு, 'எல்' விசை, பலகையில் ஒட்டிய பட்டியல் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். நான் உட்கார்ந்த நாற்காலி இவளுக்கு வந்திருக்க வேண்டியது, இவள் இல்லாவிட்டால் நான் ஆறே மாதத்தில் ஊர் திரும்பியிருப்பேன், இத்தனை வருடத்தில் ஒரு நன்றிகூட இவளிடம் சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன் என்று சொன்னேன். பெர்சிஸ் அக்காவைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

சண்முகப்பிரியா மைக்கை அவளிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். அக்கா எழுந்திருக்கவில்லை, உட்கார்ந்தபடியே பேசினாள்.

"இவ என்னமோ நான் பெரிய தியாகம் பண்ணின மாதிரி சொல்லுதா. அப்படி ஒண்ணும் இல்ல பிள்ளைகளா. அந்த ஆபீஸ்ல நான் வாயத் தெறந்தாலே என் ஊர்ப் பேச்சக் கேட்டுச் சிரிப்பாளுவ. அதனால பேசுததையே விட்டுட்டேன். ரெண்டு வருசம், போவேன், கார்டு அடிப்பேன், வருவேன். அப்பந்தான் இவ வந்தா. வந்த அன்னைக்கே மேடத்துகிட்ட, நம்ம ஊர்ப் பேச்சுல, இத எங்கன வைக்கணும்னு கேட்டா. எல்லாரும் சிரிச்சாளுவ. இவ திரும்பி நின்னு, எதுக்குட்டி சிரிக்கியன்னு ஒரு சத்தம் போட்டா பாருங்க, அவ்வளவு மிஷினும் நின்னு போச்சு. அதுக்கப்புறம் என்னையப் பாத்தும் ஒருத்தியும் சிரிக்கல. அன்னைக்கு மத்தியானம் நான் இவகூட மூச்சுவிடாமப் பேசினேன். இவள ஊருக்கு அனுப்பிட்டு, நான் மட்டும் அந்தக் குளுகுளு ரூம்ல போயி யார்கிட்ட பேச?"

நான் அப்படிச் சத்தம் போட்டது எனக்கு நினைவே இல்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. மேடையில் நின்றபடி, அத்தனை பிள்ளைகளும் பார்க்க, நான் அழுதேன்.