பாடையில் படுக்க ஓர் ஆள்

தொலைக்காட்சிக்கு நாடகம் எழுது என்று யாரும் நேரில் வந்து கேட்க மாட்டார்கள். முதலில் ஒரு கடிதம் வரும். அதில் கதை இருக்காது, கருப்பொருள் மட்டும்தான் இருக்கும். நாம் அதற்கு ஒரு பக்கத்தில் கதைச்சுருக்கம் எழுதி அனுப்ப வேண்டும். கோலாலம்பூரில் இருக்கிற தமிழ்ப் பகுதி அதிகாரி அதை மலாய் மொழியில் எழுதி மேலிடத்துக்குக் கொண்டுபோவார். அங்கே சரி என்றால்தான் நாம் வசனம் எழுதலாம்.

ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். ஈப்போவில், புந்தோங்கில் ஒரு லோரிப் பட்டறையில் டயர் கழற்றிக்கொண்டிருந்தேன். கோயில் திருவிழாவில் என் மேடை நாடகத்தைப் பார்த்த யாரோ சொல்லித்தான் இந்த வாய்ப்பே வந்தது. அதனால் ஒவ்வொரு கடிதத்தையும் பிரிக்கும்போது, ஆள் மாறி அனுப்பிவிட்டோம் என்று எழுதியிருக்கிறார்களா என்றுதான் முதலில் தேடுவேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் வந்த ஒரு கடிதம் குடியின் கேட்டைப் பற்றிக் கேட்டது. தோட்டத்துக் குடிகாரன் ஒருவன் சாகிறான், மனைவி பிள்ளைகளைக் கரையேற்றுகிறாள் என்று எழுதி அனுப்பினேன். ஒப்புதல் வந்தது. பின்னாலேயே, பட்டறைக்குப் பக்கத்துக் கோப்பிக்கடைக்கு அதிகாரியின் தொலைபேசியும் வந்தது. படம் பிடிக்கத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கிற லயத்து வீடு ஒன்று வேண்டும், சாவுக் காட்சியில் அழுவதற்குப் பெண்கள் வேண்டும், ஊர்க்காரர் நீங்கள்தானே பார்த்துக் கொடுக்க வேண்டும் என்றார். கோலாலம்பூருக்கு வெளியே இருக்கிற எழுத்தாளன் என்றால் இதுவும் அவன் தலையில்தான் விழும்.

எனக்குத் தெரிந்த ஒரே லயத்து வீடு அக்காளுடையது. சிம்பாங் பூலாய்ப் பக்கம் ஒரு பழைய தோட்டம். ரப்பர் மரங்களை வெட்டி நிலத்தை விற்றுவிட்டார்கள். லயம் மட்டும் மிச்சம் இருந்தது. அக்காளின் கணவரை நான் மாமா என்பேன். அவர் கல்லுமலையில் பாறைக்கு வெடி வைக்கிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். அப்படிப்பட்டவர் இருக்கிற வீட்டில் பொய்ச் சாவு நடத்த இடம் கேட்பதா? செருப்பால் அடிப்பாள் என்று நினைத்துக்கொண்டேதான் போனேன்.

அக்காள் கொஞ்சமும் யோசிக்கவில்லை. எடுத்துக்கொள்ளச் சொன்னாள். அதுதான் எனக்கு முதலில் பயத்தைக் கொடுத்தது.

படப்பிடிப்பு அன்று முற்றத்தில் பாடை கட்டியாகிவிட்டது. குடிகாரனாக நடிக்கிறவர் அதைப் பார்த்ததும் பின்வாங்கினார். என் மனைவி நிறைமாதக் கர்ப்பிணி, பாடையில் படுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். படப்பிடிப்பை நடத்த வந்திருந்த அதிகாரி அவரை வற்புறுத்தவில்லை. பிணத்தை எட்டத்தில் இருந்துதான் காட்டப்போகிறோம், தாடையைச் சுற்றித் துணி கட்டியிருக்கும், உடம்பு ஒத்துவந்தால் யாராக இருந்தாலும் போதும் என்று சொல்லிக்கொண்டிருந்தபோதே அடுப்பங்கரையில் இருந்து அக்காள் குரல் கொடுத்தாள்.

"எங்க வீட்டுக்காரரு படுப்பாரு சார்."

நான் உள்ளே ஓடினேன். அவள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். துருவுவதை நிறுத்தாமலே விஷயத்தைச் சொன்னாள். போன வாரம் மலையில் வைத்து மாமாவின் உச்சந்தலையில் காகம் அடித்திருக்கிறது. காகம் தலையில் அடித்தால் சாவுக்கு அடையாளம். ஆள் செத்துவிட்டதாகச் சொந்தக்காரர்களுக்குப் பொய்ச் செய்தி அனுப்ப வேண்டும். அவர்கள் நம்பி அழ வேண்டும். பிறகு உண்மையைச் சொன்னால் தோஷம் கழியும். எங்கள் ஆட்களுக்கெல்லாம் தெரிந்த பரிகாரம்தான். சித்தியவானில் இருக்கிற மாமாவின் அண்ணனுக்குத் தந்தி கொடுக்கப் புறப்பட்டிருக்கிறாள். அண்ணனுக்கு நெஞ்சுவலி, தந்தியைப் பார்த்து அவர் போய்ச் சேர்ந்துவிட்டால் என்ன செய்வது என்று மாமா தடுத்துவிட்டாராம்.

"தந்தி வேணாம்னாரு. டிவி வேணாம்னு சொல்லலயே," என்றாள். "அவங்க குடும்பத்தையே உக்காந்து பார்க்கச் சொல்றேன். இவரு கெடக்கிறதப் பார்த்தா கண்ணுல தண்ணி வந்துடும்லா. அது போதும்."

மாமாவுக்கு எல்லாமே விளையாட்டு. நெற்றியில் திருநீறு பூசும்போது, "குடிக்காமயே குடிச்சுச் செத்தவன் நான் ஒருத்தன்தான் மச்சான்," என்றார். தாடையைக் கட்டியதும் பேச்சு நின்றது. கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டினார்கள். லயத்துப் பெண்கள் முதலில் முந்தானையால் வாயை மூடிச் சிரித்தார்கள். ஒருத்தி மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரியை எடுத்ததும் மற்றவர்களுக்கும் அழுகை நிஜமாகவே வந்துவிட்டது. சரியில்லை, இன்னொரு தடவை என்று அதிகாரி திரும்பத் திரும்ப அழ வைத்தார். ஈ மொய்த்தும் மாமா அசையவில்லை. அவர் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்பதை மட்டும் நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

சில வாரம் கழித்துக் கோப்பிக்கடைக்கு மறுபடியும் தொலைபேசி வந்தது. நாடகத்தைத் தீபாவளி வாரத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். பண்டிகை சமயத்தில் சாவு வேண்டாம் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். குடிகாரன் திருந்துவதுபோல் முடிவை மாற்றி எழுதிக்கொண்டு வரச் சொன்னார்.

அக்காளிடம் சொன்னபோது அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"படுத்தாச்சு, அழுதாச்சு. பார்க்க வேண்டியவங்க பார்க்கலன்னா அது பாதியில நிக்கிற சாவு, தம்பி. அதைக் கொண்டுபோயி எங்க வைக்கிறது?"

மறுநாளே கோலாலம்பூர் பஸ் ஏறினேன். காகத்தைப் பற்றி அந்த அலுவலகத்தில் எப்படிப் பேசுவது? சாவு இல்லாவிட்டால் கதைக்குக் கனம் இல்லை சார் என்று மட்டும் சொன்னேன். திரும்பத் திரும்ப அதையே சொன்னேன். என் சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. அதிகாரி என்னைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். பெரிய எழுத்தாளர்களே முடிவை மாற்றச் சொன்னால் உடனே மாற்றிவிடுவார்கள், நீங்கள் கதைக்காக இவ்வளவு தூரம் வந்து நிற்கிறீர்களே என்று கோப்பி வரவழைத்துக் கொடுத்தார். பிறகு அவரே ஒரு வழி சொன்னார். சாவைக் கனவாக்கிவிடலாம். குடிகாரன் தன் சாவைத் தானே கனவில் கண்டு, பதறி எழுந்து, திருந்திவிடுகிறான். மேலிடமும் ஒத்துக்கொள்ளும்.

பாடையும் ஒப்பாரியும் தப்பித்தன. அதற்குமேல் எனக்கு யோசனை ஓடவில்லை. அவர் மேசை ஓரத்திலேயே அந்தப் பக்கத்தை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

தீபாவளி வாரத்தில் அக்காள் வீட்டு டிவி முன்னால் லயமே கூடியிருந்தது. சித்தியவானிலும் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாடை வந்தது. மாமா கிடந்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். திரையில் ஒருத்தி மாரில் அடித்துக்கொண்டாள். இங்கே அவளே தன்னைக் காட்டிச் சிரித்தாள். "அதோ நானு, என் சேலையப் பாரேன்," என்றாள் இன்னொருத்தி. மாமாவும் சேர்ந்து சிரித்தார். ஒருவர் கண்ணிலும் ஒரு சொட்டு இல்லை. பிறகு குடிகாரன் கட்டிலில் இருந்து திடுக்கிட்டு எழுந்தான். அது தொலைக்காட்சி நிலையத்தில் தனியாகப் பிடித்தது. எழுந்தவர் பாடையில் படுக்க மறுத்த அந்த நடிகர். அவருக்குக் குழந்தை பிறந்து தாயும் சேயும் நலம் என்று அதிகாரி சொல்லியிருந்தார்.

எல்லாரும் கைதட்டினார்கள். அக்காள் என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னாள்:

"செத்தது இவரு. எழுந்தது இவரு இல்லையே."

என்ன எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

மறுநாள் சித்தியவான் அண்ணன் குடும்பத்தோடு பலகாரம் கொண்டுவந்தார். தம்பி டிவியில் வந்ததற்கு அவர்கள் வீட்டில் ஒரே கொண்டாட்டமாம். அக்காள் அவர்களுக்குக் கோப்பி ஊற்றிக் கொடுத்துவிட்டு என்னைக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டாள்.

"அடுத்த கதைல அவரு எழுந்து வர்ற மாதிரி எழுது. அவரே எழுந்திருக்கணும். வேற மூஞ்சி வேணாம்."

அடுத்த கடிதம் சிக்கனத்தைப் பற்றிக் கேட்டது. சிக்கனக் கதையில் ஓர் ஆளை எப்படிச் சாவில் இருந்து எழுப்புவது? பல நாள் தூக்கம் கெட்டு எழுதினேன். பாறை சரிந்து செத்தான் என்று எல்லாரும் நினைத்த ஒருவன் எழுந்து நடந்து வருகிறான். மனைவி சேர்த்துவைத்த காசில் வைத்தியம் நடக்கிறது. ஊர்க்காரர்கள் அழுகிற இடத்தை இந்தத் தடவை பெரிதாகவே வைத்தேன். அந்த மனிதனாக நடிக்க என் மாமா இருக்கிறார் என்று தனித்தாளில் எழுதி இணைத்தேன்.

ஒப்புதல் வந்தது. கதை நன்றாக இருக்கிறதாம். ஆனால் ஈப்போவரை ஆட்களை அனுப்ப இனி முடியாதாம். எல்லாவற்றையும் நிலையத்துக்குள்ளேயே எடுக்கிறார்களாம். நடிகர்களும் அங்கேயே இருக்கிறார்களாம்.

அதைச் சொல்லக் காலையிலேயே அக்காள் வீட்டுக்குப் போனேன். மாமா சாப்பாட்டுத் தூக்கோடு கல்லுமலை லோரியில் ஏறிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். அக்காள் நான் சொன்னதையெல்லாம் கேட்டாள், கண் மட்டும் லோரியை விட்டு விலகவில்லை.

"அப்ப வேற எழுது."

"இனிமே கடிதம் வந்தாத்தான்க்கா."

"எப்ப வரும்?"

"சொல்ல முடியாது. மூணு மாசம் ஆகலாம். வருஷமும் ஆகலாம்."

லோரி சாலைக்குத் திரும்பியது.

"அதுவரைக்கும்?" என்றாள்.